புலம்பலுக்கு ஒரு புதுப் புரொசெசர்

எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சாப்பாட்டுக்கு வருகிறவர்கள் கையில் ஒரு சிறு புத்தகம் கொடுத்தனுப்புவது வழக்கம். அட்டையில் நினைவுமலர் என்று இருக்கும். பேச்சில் எல்லோருக்கும் அது கல்வெட்டு. இறந்தவரின் படம், வாழ்க்கைக் குறிப்பு, தேவாரம், பிறகு மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், பேரர் புலம்பல். இந்தப் புலம்பல்களை எழுதிக் கொடுப்பது பதினைந்து வருடமாக என் உபதொழில். அச்சுவேலியைச் சுற்றிப் பல குடும்பங்கள் என் சொற்களில்தான் அழுதிருக்கின்றன. கணினியில் உறவு வாரியாகக் கோப்புகள் வைத்திருக்கிறேன். 'மாமனார், மருமகன், எட்டு வரி' என்று தேடினால் கண்ணீர் தயாராக நிற்கும். பெயரையும் ஊரையும் மாற்றினால் போதும்.

அம்மா போனபோது அண்ணன் கனடாவிலிருந்தும் அக்கா லண்டனிலிருந்தும் வந்தார்கள். எட்டாம் நாள் படையல் முடிந்ததும் இருவரும் புறப்பட்டார்கள்.

"கல்வெட்டை நீ பார். உனக்கென்ன, கைவந்த வேலைதானே" என்றார் அண்ணன், விமான நிலையத்துக்குப் போக வான் வண்டியில் ஏறும்போது.

வீட்டில் நானும், நாலு அறையும், வாடகைக்கு எடுத்த பிளாஸ்ரிக் கதிரைகளும் மிஞ்சினோம்.

அண்ணனின் புலம்பலை ஒரு காலையில் எழுதினேன். அக்காவுடையதை மத்தியானத்துக்குள். தமிழ் வாசிக்கத் தெரியாத பேரப்பிள்ளைகள் ஐந்து பேரும் ஒரு தேநீர் ஆறுவதற்குள் கதறி முடித்தார்கள். மிஞ்சியது ஒரே பக்கம்: இளைய மகன். அதாவது, நான். இருபத்தெட்டாம் நாளுக்குள் அச்சகத்துக்குக் கொடுத்தாக வேண்டும்.

அந்தப் பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம் கணினி திணறியது. அக்கா அனுப்பிய படங்கள் ஒவ்வொன்றும் மதில் அளவு. யந்திரத்துக்கோ வயது பத்தாகிறது. ஓர் எழுத்தைத் தட்டிவிட்டுக் கிணற்றடிக்குப் போய் முகம் கழுவி வந்தால் அது திரையில் வந்திருக்கும். இப்படியொரு யந்திரத்தில் எவன் அழுவான்? கோளாறு புரொசெசரில்தான் என்று முடிவு செய்தேன். அந்த முடிவு எனக்கு மிகவும் ஆறுதலாக இருந்தது.

யாழ்ப்பாணம் நகரில் எனக்குப் பழக்கமான கடைக்காரர், என் மதர்போட்டின் இலக்கத்தைப் பார்த்து, அதில் பொருந்தக்கூடிய, நாலைந்து வருடம் பிந்திய, பாவித்த புரொசெசர் ஒன்றைத் தந்தார். முன்கூடத்தில், விசாரிக்க வருகிறவர்களுக்காகப் போட்ட கதிரைகளின் நடுவே, மேசையில் கணினியைப் படுக்கவைத்துத் திறந்தேன். பழையதைக் கழற்றிப் புதியதைப் பொருத்தி, மேலே பசை பூசி, விசிறியைப் பூட்டி, மின்சார ஆளியைப் போட்டேன். விசிறி சுழன்றது. விளக்கு எரிந்தது. திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது.

ராம் என்னும் நினைவகத் தகட்டைக் கழற்றி அதன் பொன்னிறப் பற்களை அழிறப்பரால் தேய்த்தேன். காசளவு பற்றரியை எடுத்துவிட்டுப் போட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. திரைக்குப் போகும் வயரில் பிழையோ என்று மேசைக்குக் கீழே கிடந்தபோது, அளவெட்டியிலிருந்து அம்மாவின் மச்சாள் முறையான மாமி ஒருவர் வந்து கதிரையில் இருந்தார்.

"தம்பி, உதென்ன, போஸ்மோட்டம் நடக்குதே?"

"புரொசெசர் மாத்தினனான் மாமி. படம் வருகுதில்லை."

"கொம்மா போய் மூண்டு கிழமையாகேல்லை. உனக்கு உந்த விளையாட்டுக் கேக்குது."

"கல்வெட்டுக்குத்தான் மாமி."

"அப்ப பழசையே திரும்பப் போடன்."

மேசைக்குக் கீழிருந்தபடியே சிரித்தேன். விஞ்ஞானம் பின்னோக்கிப் போகாது என்று தொடங்கி, எனக்கு விளங்கியதையும் விளங்காததையும் பத்து நிமிடம் விளக்கினேன். "விளங்குதே மாமி?" என்று இடையிடையே கேட்டேன். பதில் வராததை வியப்பென்று எடுத்துக்கொண்டேன். வெளியே வந்து பார்த்தால் கதிரையில் ஆளில்லை.

செத்தவீட்டிலிருந்து எழும்புகிறவர்கள் 'போட்டு வாறன்' என்று சொல்வதில்லை. சொல்லக்கூடாது. பேசாமல் எழும்பிப் போய்விடுவார்கள். அம்மா போனதிலிருந்து ஒருவரும் என்னிடம் விடைபெறவில்லை. கதைத்துக்கொண்டிருந்தவர் இல்லாமல் போயிருப்பதை ஒவ்வொரு தடவையும் நானாகத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அன்று கணினி விஞ்ஞானம் முழுவதையும் கேட்டது ஒரு பிளாஸ்ரிக் கதிரை.

கடைக்காரருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"அண்ணை, பயோஸைப் புதுசாக்கினனீங்களே?"

"அதென்ன?"

"மதர்போட்டுக்குள்ளை இருந்து கணினியை எழுப்பிற புரோகிராம் அண்ணை. உங்கடை மதர்போட் வந்த காலத்திலை இந்தப் புரொசெசர் பிறக்கேல்லை. அதுக்கு இது ஆரெண்டு தெரியாது. பழசைத் திரும்பப் போட்டு ஓட்டுங்கோ. புது பயோஸைப் பென்டிரைவிலை எடுத்து ஏத்துங்கோ. பிறகு இதைப் போடுங்கோ."

"பழசைத் திரும்பப் போடவோ?"

"ஓம் அண்ணை. ஏத்தேக்கை கரண்ட் போச்செண்டால், மதர்போட்டுக்கும் சேர்த்து ஒரு கல்வெட்டு எழுதுங்கோ."

பழையதைப் போட்டதும் திரை வெளித்தது. மாமிக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டேன். பயோஸ் ஏறிய ஐந்து நிமிடமும் திரையில் ஊர்ந்த நீலக் கோட்டையும் தலைக்கு மேல் சுழன்ற மின்விசிறியையும் மாறிமாறிப் பார்த்தபடி மூச்சுக்கூட அளந்து விட்டேன். கரண்ட் போகவில்லை. புதியதைப் போட்டேன். கதிரையை இழுத்து இருப்பதற்குள் கல்வெட்டு திறந்து நின்றது. படங்கள் வழுக்கிக்கொண்டு ஓடின.

'இளைய மகன் புலம்பல்.' கீழே வெள்ளை. பழிபோட இனி வீட்டில் நான் ஒருவன்தான்.

'தாய், மகன், எட்டு வரி' கோப்பைத் திறந்து ஒட்டினேன். முப்பது தாய்மாருக்காவது உதவிய வரிகள். சத்தமாக வாசித்தேன். சந்தம் எங்கும் தட்டவில்லை. வாசித்துவிட்டுக் காத்திருந்தேன்.

எதற்குக் காத்திருந்தேன் என்பது கொஞ்சம் பிந்தித்தான் விளங்கியது. பதினைந்து வருடமாக ஒரு புலம்பலையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டாமல் நான் அச்சுக்குக் கொடுத்ததில்லை. அவர் சமையலறையில் முருங்கைக்காய் நறுக்கியபடி கேட்பார். "உவள் மனிசனை அப்பிடியொண்டும் தாங்கேல்லை. ரெண்டு வரி எடு" என்பார். ஊரில் யார் யாருக்கு எவ்வளவு அழலாம் என்பது அவருக்குத் தெரியும். நான் முணுமுணுத்துக்கொண்டே இரண்டு வரியை வெட்டுவேன். எப்போதும் அந்த இரண்டு வரியும் பொய்யாகத்தான் இருக்கும்.

சமையலறையில் குளிர்ப்பெட்டி உறுமி ஓய்ந்தது.

எட்டு வரியையும் அழித்தேன். பாட்டாக வரவில்லை, வசனமாக எழுதினேன், ஏழு வசனம். எழுத நாலு நாள் எடுத்தது. இருபத்தெட்டாம் நாள் அச்சகத்துக்கு அனுப்பினேன்.

அந்தியேட்டியன்று கல்வெட்டை அண்ணனுக்குத் தொலைபேசித் திரையில் பக்கம் பக்கமாகப் புரட்டிக் காட்டினேன்.

"எல்லாற்றை புலம்பலும் திறம். உன்ரைதான்ரா பாட்டாயில்லை."

"ஓம்."

"கொஞ்சம் நீளமாயும் போச்சு."

அது உண்மை. ஏழில் இரண்டு கூடித்தான் போயிருந்தது. எந்த இரண்டு என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.