முதுகில் தைத்த லேபிள்

ஒரு ஜோக்கை நான் பிழை என்று நினைத்துத் திருத்திவிட்டேன். ஒன்றிரண்டு பீஸில் இல்லை, ஒரு ஆர்டர் முழுவதிலும். அதனால் ஒரு தையல்காரருக்கு வேலை போகப் பார்த்தது. நடந்தது எண்பதுகளின் கடைசியில். அந்த ஜோக்குக்கு எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வருவதில்லை. அன்றைக்குச் சிரித்தவர்களை நினைத்தால் மட்டும் வாயெல்லாம் கசக்கிறது. அவர்களில் நானும் ஒருத்தி.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். பள்ளிக்கூடத்தை விட்ட கையோடு பனியன் கம்பெனிக்கு வந்தாயிற்று. நான் சொல்லும் காலத்தில் செக்கிங் பகுதிக்கு என்னைப் பொறுப்பாகப் போட்டிருந்தார்கள். படிக்காதவளை அங்கே உட்கார வைத்ததற்கு ஒரே காரணம் என்னுடைய பயம். எதைப் பார்த்தாலும் அதில் எங்கே தப்பு இருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றும். எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல், தொங்குகிற நூல் என்று கண்ட இடத்திலெல்லாம் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டுவேன். பஸ்ஸில் முன்னால் நிற்கிறவரின் காலர் ஒரு பக்கம் ஏறியிருந்தால் இறங்கும் வரைக்கும் அதை இழுத்துவிடக் கை பரபரக்கும். இந்த வியாதிக்குத்தான் மொதலாளி ‘பொறுப்பு’ என்று பெயர் வைத்துச் சம்பளம் கொடுத்தார்.

இங்கிலாந்திலிருந்து ஒரு பையர் வந்தார். ஏற்கெனவே எங்களிடம் சரக்கு எடுத்தவர்தான். இந்தத் தடவை கையில் ஒரு வீடியோ கேசட். அவர்கள் ஊர்க் காமெடிப் படம். அந்தக் கேசட்டைக் கடையில் வாங்குகிறவர்களுக்குக் கூடவே ஒரு டீ-ஷர்ட் கொடுப்பார்களாம். அந்த டீ-ஷர்ட்தான் எங்களுக்கு ஆர்டர். படத்தைப் பார்த்தால்தான் டீ-ஷர்ட் விளங்கும் என்று அவர் சொல்ல, மொதலாளி எங்கள் மூன்று பேரை மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டார். என்னையும், பையர்களோடு இங்கிலீஷ் பேசுவதற்காக வைத்திருந்த மெர்ச்சண்டைசர் தம்பியையும், தையல் லைனில் மூத்தவரான ஓர் அண்ணனையும். அந்த அண்ணன் சோமனூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறவர். தை மாதம் மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தார்.

ஜன்னலைச் சாத்தி, வீடியோ டெக்கைப் போட்டார்கள். கதை என்று ஒன்றும் கிடையாது. துண்டு துண்டாக வந்தது. மனுஷன் எதற்காக உயிரோடு இருக்கிறான் என்று பிறப்பிலிருந்து சாவு வரைக்கும் கேட்டுக் கேட்டுக் கேலி பண்ணுகிற படம் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். ஒரு துண்டில், ஓர் ஆள் அந்தக் கேள்வியைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு ஏதோ ஆபீஸில் வரிசையில் நிற்கிறான். ஒவ்வொரு கவுண்டரிலும் சீல் குத்தி அடுத்த கவுண்டருக்கு அனுப்புகிறார்கள். கடைசிக் கவுண்டருக்குப் போய்ச் சேரும்போது தாடி நரைத்துவிடுகிறது. அங்கே சாப்பாட்டு நேரம் என்று பலகையைத் திருப்பி வைக்கிறார்கள். ரேஷன் கார்டில் ஒரு பெயரைச் சேர்க்கப் போனால் இதே படத்தை நாங்கள் தினமும் பார்க்கலாம், டெக் வேண்டியதில்லை. இன்னொரு துண்டில், மீசை வைத்த ஆம்பளை கவுன் போட்டுக்கொண்டு டீச்சராக வந்து, வயசானவர்கள் மாதிரி இருமுவது எப்படி என்று சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தான். பெட்டிக்குள் கிடந்த பிணம் ஒன்று எழுந்து உட்கார்ந்து, போட்ட பூ சரியில்லை என்று சண்டை பிடித்துவிட்டு மறுபடியும் படுத்தது. சோற்றுக்கு வழி உள்ளவர்களுக்குத்தான் இப்படியெல்லாம் கேள்வி வரும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் எனக்குப் படத்தைவிட மொதலாளியைப் பார்ப்பதுதான் வேலையாக இருந்தது. அவர் டீவியைப் பார்க்கவே இல்லை. பையரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பையரின் உதடு விரிந்து ஒரு நொடி கழித்து இவர் சிரிப்பார். இவரைப் பார்த்து மெர்ச்சண்டைசர் சிரிப்பான். காலேஜ் படித்த சிரிப்பு அது, கொஞ்சம் தலையை ஆட்டி, ‘அடடா’ என்கிற மாதிரி. அந்தத் தம்பிக்கும் ஒன்றும் விளங்கவில்லை என்பது பிணம் எழுந்தபோது அவன் சிரிக்க மறந்ததில் தெரிந்துவிட்டது. சோமனூர் அண்ணன் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்தார். எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை. நான் ஒருத்தி மட்டும் சிரிக்காமல் இருந்தால் என்ன ஆகுமோ என்ற பயத்தில், முந்தானையால் வாயை மூடிக்கொண்டு தோளைக் குலுக்கினேன்.

படம் முடிந்ததும் பையர் பைக்குள்ளிருந்து ஒரு டீ-ஷர்ட்டை எடுத்து விரித்தார். அவர் ஊரில் தைத்துக் கொண்டுவந்த சாம்பிள். முன்பக்கம் ஒரே ஒரு வரி அச்சடித்திருந்தது. ‘உயிரோட இருக்கறது எதுக்குன்னு கேட்டிருக்குதுங்கக்கா’ என்று மெர்ச்சண்டைசர் என் காதில் சொன்னான். பையர் அதைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கம், நட்ட நடு முதுகில், எப்படித் துவைக்க வேண்டும் என்று சொல்கிற லேபிள். வெளிப்பக்கமாக, கோணலாகத் தைத்து, நூல் ஒரு விரற்கடை தொங்கியது. அவர் சிரித்தார். ஒரு நொடி கழித்து மொதலாளி சிரித்தார். கிளியரா என்று அவர் கேட்டதற்கு மொதலாளி, ‘எஸ் எஸ், வெரி கிளியர்’ என்றார். பையர் மூன்று வாரத்தில் சரக்கைப் பார்க்க வருவதாகச் சொல்லிவிட்டுப் பம்பாய்க்குப் போய்விட்டார்.

வெட்டிய துணி தையலுக்கு வந்த அன்று சோமனூர் அண்ணன் சாம்பிளைத் தூக்கிக்கொண்டு என் மேஜைக்கு வந்தார்.

“ஏங்கண்ணு, சீமையில தையக்காரனுக்குக் கண்ணு தெரியாதா? லேபிளக் கொண்டுபோயி முதுகுல வெச்சிருக்கறான்.”

“படத்துல அதப் பத்தி ஏதாச்சும் சொன்னாங்களாங்ணா?”

“நீ என்ன கண்டியோ அதையேதான் நானுங் கண்டேன். பொணம் எந்திரிச்சு உக்காந்துச்சு.”

மெர்ச்சண்டைசரிடம் போனேன். பையருக்கு ஒரு டெலக்ஸ் போட்டுக் கேட்டுவிடலாம் என்றேன்.

“அத்தனை சிரிச்சுப் பாத்துட்டு இப்பப் போயிக் கேட்டா என்னங்கக்கா நெனைப்பாங்க? சாம்பிள அவசரத்துல தைச்சிருப்பாங்க. லேபிள் எங்க வெக்கறதுன்னு உங்களுக்கு நாஞ் சொல்லோணுமா?”

மொதலாளியிடமும் போய் நின்றேன். அவர் தலையை நிமிர்த்தவில்லை.

“அதெல்லாம் படத்துலயே காட்டிட்டாங்கல்லம்மா. பொறவென்ன சந்தேகம்? கிளியரா இருக்குதுன்னு நானே சொல்லிப்போட்டன்.”

புரியவில்லை என்று ஒரு வார்த்தை சொல்வதற்கு அந்தக் கம்பெனியில் ஆள் கிடையாது. மூன்று பேர் ஒரு அறையில் உட்கார்ந்து சிரித்த பாவத்துக்கு, அந்தச் சிரிப்பைக் காப்பாற்றுவதே எல்லோருக்கும் வேலையாகப் போயிற்று. இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. கோணலாக அனுப்பினால் திருப்பி அனுப்பிவிடுவார்களே என்ற பயம். கடைசியில் என் புத்திக்கு எட்டியதைச் செய்தேன். லேபிளை உள்பக்கம், சைடு தையலில், நேராக வைக்கச் சொன்னேன். லைனில் வருகிற முதல் பீஸில் செக்கிங் பொறுப்பாளர் பேனாவால் கையெழுத்துப் போட்டுத் தருவது வழக்கம். அதைப் பார்த்துத்தான் மற்றதெல்லாம் தைப்பார்கள். போட்டுக் கொடுத்தேன். கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது, சீமைக்காரன் விட்ட தப்பைக் கண்டுபிடித்தவள் என்று.

பையர் வந்த அன்று பேக்கிங் ஹாலில் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தோம். அவர் ஒரு பீஸை எடுத்துப் பார்த்தார். கேள்வி இருந்தது. திருப்பினார். முதுகு வெறுமையாக இருந்தது. இன்னொன்றை எடுத்தார், இன்னொரு பெட்டியைத் திறக்கச் சொன்னார். அப்புறம் ஒன்றை உள்ளும் புறமும் புரட்டி, சைடு தையலில் சமர்த்தாக உட்கார்ந்திருந்த லேபிளைக் கண்டுபிடித்தார். அதைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார் பாருங்கள். ஒரு நொடி கழித்து மொதலாளியும் சிரித்தார். பையர் சிரிப்பை நிறுத்தி, முகம் சிவந்து ஏதோ சொன்னார். மொதலாளி மட்டும் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்.

மெர்ச்சண்டைசர் வெளிறிப்போய் விளக்கினான். முன்னால் இருப்பது கேள்வி. பின்னால் லேபிளில் இருப்பதுதான் அதற்குப் பதில். வெதுவெதுப்பான தண்ணீரில் துவை, ப்ளீச் போடாதே, நிழலில் உலர்த்து. இவ்வளவுதான் வாழ்க்கை என்பது ஜோக். லேபிள் கோணலாக இருப்பதும் ஜோக். எங்கள் ஊரில் ப்ளீச் பண்ணின துணியில், எங்கள் ஊர் ஆறு நாறுகிற நாற்றத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ப்ளீச் போடாதே என்று முதுகில் தைக்க வேண்டும். அதைத் தைக்காமல் விட்டது எங்கள் குற்றம்.

கப்பல் போக எட்டு நாள்தான் இருந்தது. மொதலாளிக்கு யாரையாவது பிடித்தாக வேண்டும். தையல் லைன் பக்கம் திரும்பினார்.

“சாம்பிளப் பாத்துத் தைக்கறதுக்குத் துப்பில்லாத ஆளெல்லாம் எனக்கு வேண்டாம். நீங்க இன்னையோட நின்னுக்குங்க.”

சோமனூர் அண்ணன் என்னை ஒரு தடவை பார்த்தார். தன் கத்திரியையும் கண்ணாடியையும் துண்டில் சுற்றிக்கொண்டு வாசலுக்கு நடந்தார். நான் கையெழுத்துப் போட்ட பீஸ் என் மேஜை டிராயரில்தான் இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. அவர் வேலை போனால் என் வேலை தப்பும் என்று என் மனசு கணக்குப் போட்டதை நான் கேட்டேன். மொதலாளியைப் பற்றி இத்தனை எழுதுகிறேனே, அந்த ஐந்து நிமிஷம் நான் அவரைவிடக் கேவலமாக நின்றேன்.

கேட்டுக்குப் பக்கத்தில் செருப்பை மாட்டுவதற்காக அவர் குனிந்தார். தை மாதக் கல்யாணம் ஞாபகம் வந்தது. டிராயரை இழுத்து அந்தப் பீஸை எடுத்துக்கொண்டு மொதலாளி எதிரில் போய் நின்றேன்.

“நான்தானுங்க மாத்தச் சொன்னேன். இதா பாருங்க, என்ற கையெழுத்து. எனக்குப் படம் புரியலைங்க. இங்க ஒருத்தருக்கும் புரியலைங்க.”

பையர் என்னவென்று கேட்டார். மெர்ச்சண்டைசர் ‘ஸாரி’ என்ற சொல் வருகிற மாதிரி ஏதோ சொன்னான். நான் அத்தனை நீளமாகச் சொன்னது ஒரு ஸாரியாகச் சுருங்காது என்று எனக்கே தெரிந்தது. டீவி இருந்த ஆபீஸ் ரூம் பக்கம் கையைக் காட்டி, நெஞ்சில் கை வைத்து, “நோ” என்றேன். பிறகு மெர்ச்சண்டைசரைக் காட்டி, “நோ.” மொதலாளியைக் காட்டக் கை பாதி எழுந்தது, மேலே போகவில்லை. பையர் அந்தக் கையைப் பார்த்தார், அது நின்ற திசையைப் பார்த்தார். எட்டு நாளில் முடியுமா என்பதை மட்டும் கேட்டார், அதுவும் என்னிடம். முடியும், ஆனால் வாசலில் நிற்கிற ஆள் வேண்டும் என்று சொன்னேன். இதை மெர்ச்சண்டைசர் ஒழுங்காகவே மொழிபெயர்த்தான். பையர் எதிரில் மொதலாளியால் மறுக்க முடியவில்லை.

ஓடிப்போய்க் கூப்பிட்டேன்.

“கோணலாத் தைக்கறதுக்கு நான் எதுக்குங்கண்ணு? அந்த இங்கிலீசுத் தம்பியத் தைக்கச் சொல்லு.”

“திட்டறதுன்னா என்னையத் திட்டுங்ணா. வாங்ணா.”

“திட்டி என்ன ஆவுது” என்று செருப்பைக் கழற்றினார்.

அந்த எட்டு நாள் கூத்து வேறு யாருக்கும் வரக்கூடாது. சைடைப் பிரித்து, லேபிளை உருவி, முதுகில் வைத்துத் தைக்க வேண்டும். கோணல் என்றால் இஷ்டத்துக்குக் கோணல் கிடையாது, சாம்பிளில் உள்ள அதே கோணல். முப்பது வருஷம் நேராகத் தைத்த அண்ணன் கை, கோண மாட்டேன் என்றது. அட்டையில் ஒரு அச்சு வெட்டி ஒவ்வொரு லேபிளின் மேலும் வைத்துப் பார்த்தேன். நேராக இருந்தவற்றின் மேல் சிவப்பு அம்பு ஒட்டி, தப்பு என்று திருப்பி அனுப்பினேன். தொங்க வேண்டிய நூலை ஸ்கேல் வைத்து அளந்தேன். வாழ்க்கைக்கு அர்த்தம் இல்லை என்று சிரிக்கிறவனுக்கு அர்த்தமில்லாமை ஒரு விரற்கடைக்குக் கூடவும் கூடாது, குறையவும் கூடாது.

சரக்குக் கப்பலேறியது. மிஞ்சிய பீஸைக் காதர்பேட்டைச் சில்லறைக் கடைகளுக்குத் தள்ளினார்கள். இரண்டு நாள் கழித்து, அதில் ஒன்றைப் போட்டுக்கொண்டு சோமனூர் அண்ணன் வேலைக்கு வந்தார். லைனைச் சுற்றி வந்த மொதலாளி நின்றார். மார்பில் கேள்வியைப் பார்த்தார், பின்னால் போய் முதுகைப் பார்த்தார். லேபிள் இல்லை. ஊசி ஏறிய சின்ன ஓட்டைகள் மட்டும் கோணல் கட்டமாகத் தெரிந்தன.

“லேபிள் எங்கீங்க?”

“உள்ள இருக்குதுங்க மொதலாளி. இருக்க வேண்டிய எடத்துல.”

அது கேலியா, திமிரா என்று மொதலாளிக்குத் தெரியவில்லை. சிரிக்க வேண்டுமா, மறுபடியும் வெளியே போ என்று சொல்ல வேண்டுமா? மெர்ச்சண்டைசரைப் பார்த்தார். அவன் காகிதத்துக்குள் குனிந்துகொண்டான். அப்புறம் என் முகத்தைப் பார்த்தார். நான் சிரிக்கவில்லை, முறைக்கவும் இல்லை. பாதி விரிந்த அவர் உதடு அப்படியே கொஞ்ச நேரம் நின்றது.

“சரி, வேலையப் பாருங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். அண்ணன் மெஷினை மிதித்தார்.