சிவப்புத் தேதிகளில் பார்த்த வீடு

அட்வான்ஸ் கொடுக்க வேண்டிய வெள்ளிக்கிழமைக்கு மூன்று நாள் முன்னால், வீடு பார்க்கப் போன தேதிகளை டைரியிலிருந்து ஒரு தாளில் எடுத்து எழுதினேன். எதை வாங்குவதானாலும் அப்படி எழுதி வைப்பது என் வழக்கம். சுவர்க் காலண்டரோடு ஒத்துப் பார்த்தபோதுதான் கவனித்தேன். மூன்று தேதியும் சிவப்பு. இரண்டு ஞாயிற்றுக்கிழமை, மூன்றாவது ஆயுத பூஜை.

வீடு கும்மிடிப்பூண்டியில், ஸ்டேஷனிலிருந்து நடக்கும் தூரத்தில். பைக் எதிரே வந்தால் ஆட்டோ ஒதுங்கி நிற்க வேண்டிய தெரு. அதில் நான்கு மாடிப் புதுக் கட்டடம். லிஃப்ட் உண்டு, வாசலில் கேமரா உண்டு. இரண்டாவது மாடியில் எங்களுக்குப் பார்த்த வீடு. பின்பக்கம் ஒரு காம்பவுண்டுச் சுவர், அதற்கு அப்பால் தகரக் கூரைகள். ஆயுத பூஜையன்று அந்தக் கூரைகளுக்கடியில் எந்திரங்களுக்கெல்லாம் மாலை போட்டிருந்தார்கள். வாட்ச்மேன் எங்களுக்கும் பொரி கடலை கொடுத்தார். ஓடாத எந்திரத்துக்கு மாலை போட்டிருந்ததைப் பார்த்துவிட்டு நிம்மதியாகத் திரும்பியிருக்கிறேன்.

என் மனைவி நர்ஸ். நிரந்தர இரவுப் பணி. காலை எட்டரைக்கு வந்து நாஷ்டா முடித்துப் படுப்பாள். புதுவாயலில் நாங்கள் வாடகைக்கு இருந்த சந்தில் அவள் சேர்ந்தாற்போல் இரண்டு மணி நேரம் தூங்கியதில்லை. ஆவணி மாதத்தில் ஒரு நாள், கண் அசந்து, ஒரு நோயாளியின் ஊசியை இன்னொருவருக்கு எடுத்துப் போய்விட்டாள். கட்டில் எண்ணைப் பார்த்ததால் கடைசி நிமிடத்தில் தப்பியது. வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து, "ஊடு மாத்திடலாங்க" என்றாள்.

அதனால்தான், முதல் ஞாயிறன்று அந்தப் படுக்கையறையில் நின்று கண்ணை மூடி, "இன்னா அமைதிங்க" என்று அவள் சொன்னதும், மறுநாளே கடனுக்கு மனுப் போட்டேன்.

இப்போது புரோக்கருக்கு போன் செய்து, வேலை நாளில் பார்க்க வேண்டும் என்றேன்.

"இன்னா சார், மூணு வாட்டி பாத்துட்ட. சொவத்த தட்டிப் பாத்த, கொழாய தொறந்து மூடுன. இன்னும் இன்னா கீது பாக்கறதுக்கு?"

"மூன்றுமே லீவு நாள்."

போனில் ஒரு முறை செருமினார். அந்தச் செருமலையும் குறித்துக்கொண்டேன்.

"லீவு நாள்ல வந்தது நீதானே சார்? நானா வர சொன்னேன்?"

டைரியைப் புரட்டினேன். மூன்று இடத்திலும் 'என் வசதிப்படி' என்று என் கையெழுத்தே இருந்தது. அதற்காகச் சந்தேகம் போய்விடவில்லை.

புதன்கிழமை லீவு போட்டேன். மனைவி டூட்டி முடித்து நேராக அங்கேயே வந்தாள். புரோக்கர் கதவைத் திறந்தார். தொம். தரை வழியாக வந்து கால் எலும்பில் ஏறியது. எட்டு எண்ணினேன். மறுபடி தொம். ஜன்னல் கண்ணாடி லேசாகச் சிணுங்கியது.

"இது என்ன?"

"ஹாம்மரு சார். வண்டி பார்ட்ஸ் அடிக்கிற கம்பெனி."

"சொல்லவே இல்லையே?"

"நீ கேக்கவே இல்லியே! மீட்டர் என்னிக்கி வச்சதுன்னு கேட்ட. லிஃப்ட்டு எந்த மாசம் வந்துச்சுன்னு கேட்ட. சத்தம் கீதான்னு கேட்டியா? பேஜாரா போச்சு சார் உன்னோட."

மனைவி பையிலிருந்து கோரைப்பாயை உருவினாள். "சண்டைய கீழ போய்ப் போடுங்க. நான் படுத்துப் பாக்கறேன்."

அவள் படுக்கையறைக்குள் போனாள். ஹாலில் காலி பெயின்ட் வாளியைக் கவிழ்த்து நான் உட்கார்ந்தேன். ஒன்பது நாற்பதிலிருந்து நிமிடத்துக்கு எத்தனை அடி என்று எழுதினேன். பத்தாவது நிமிடத்தில் அவள் சுவர்ப் பக்கம் திரும்பினாள். பிறகு அசையவில்லை. அது தூக்கமா, நடிப்பா? நாங்கள் பார்த்ததில் இது பதினோராவது வீடு. என் தேடலில் அவளுக்கு அலுத்துப் போயிருக்கலாம். மூன்று முறை எட்டிப் பார்த்தேன்.

பன்னிரண்டரைக்குச் சங்கு ஊதி ஹாம்மர் நின்றது. சற்று நேரத்தில் அவள் வெளியே வந்தாள். கன்னத்தில் பாயின் கோடுகள்.

"நெஜமாவே தூங்குனியா, இல்ல எனக்காகச் சொல்லப் போறியா?"

"சத்தம் கேட்டுச்சுங்க. ஆனா அது என்னக் கூப்புடலியே."

"கூப்புடறதா?" என்றேன்.

"நம்ம சந்துல பகல் பதினோரு மணிக்கு ஒருத்தி கதவத் தட்டுவா, அக்கா பிரஷர் பாருன்னு. ரெண்டு மணிக்கு இன்னொருத்தி, அக்கா இந்த ஊசி மட்டும் போட்டுடுன்னு. எப்பிடிங்க மாட்டேன்றது? இந்த ஹாம்மருக்கு நான் யார்னே தெரியாது."

புதுவாயல் சந்தின் சத்தங்களை ஆறு மாதம் தேதிவாரியாக எழுதியிருந்தேன். தண்ணீர் லாரி, மிக்ஸி, ஒலிபெருக்கி. கதவு தட்டுவது அதில் ஒரு இடத்திலும் இல்லை. பகலில் நான் ஆபீசில் இருந்தேன்.

"வாங்கிடலாம். ஆனா நான் நர்ஸுன்னு இங்க ஒரு ஆளுகிட்டயும் சொல்லாதீங்க."

வெள்ளிக்கிழமை அட்வான்ஸ் கொடுத்தோம். புதன்கிழமைப் பக்கத்தில் 'தூங்கினாள்' என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தேன். அதை அடிக்கவில்லை.

தை மாதம் குடிவந்தோம். இரண்டாவது வாரம், எனக்கு லீவாக இருந்த ஒரு திங்கட்கிழமை காலை, எதிர் வீட்டு அம்மா கறிவேப்பிலை கேட்டு வந்தார். வாங்கிக்கொண்டும் போகவில்லை.

"அக்கா டெய்லி சாயங்காலம் கெளம்பி காலைல வர்றாங்களே, இன்னா வேல சார்?"

"கம்பெனி."

"எந்தக் கம்பெனி?"

"தொழிற்பேட்டைக்குள்ளே."

"எங்க ஊட்டுக்காரரும் அங்கதான். பொம்பளைங்களுக்கு மாசம் பூரா நைட்டு போடற கம்பெனி எது சார்?"

பத்திரத்தில் கையெழுத்தைச் சரிபார்ப்பது போல என் முகத்தைப் பார்த்தார். பின்னால் படுக்கையறைக் கதவு சாத்தியிருந்தது.

"கொஞ்சம் மெதுவாப் பேசுங்கம்மா. தூங்கறாங்க."

தொம்.

"இந்தச் சத்தத்துலயா?" என்றார் அவர்.