வாங்காத காருக்கு ஒரு டெஸ்ட் டிரைவ்

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலையில் கார் வாங்கப் போனேன். வாங்கும் எண்ணம் துளிக்கூட இல்லை.

அப்படியென்றால் பொய் சொல்லிக்கொண்டு போனாயா என்று கேட்டால்... ஆமாம், பொய்தான். டிரைவிங் லைசென்ஸையும் வீட்டுக்காரரையும் கையோடு கூட்டிக்கொண்டு, தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு, மனதறிந்து சொன்ன பொய். வேறு வழி இருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

காட்டாங்குளத்தூர் பக்கம் ஒரு கல்லூரியின் நூலகத்தில் எனக்கு வேலை. அஸ்தினாபுரத்திலிருந்து தினமும் நானே கார் ஓட்டிக்கொண்டு போய் வருகிறேன். எங்கள் வீட்டுக்காரருக்கு கார் ஓட்டத் தெரியாது. அவருக்கு அதில் வெட்கம் கிடையாது, எனக்கும் அதில் குறை கிடையாது. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பாட்டு மாற்றுவார், வேர்க்கடலை உரித்துக் கொடுப்பார். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

ரெண்டு மாதத்துக்கு முன்னால் கீழ்க்கட்டளை சிக்னலில் ஒரு லோடு வேன் வந்து இடித்தது. என் இடதுபக்கம் இருந்த சந்தில் நுழைந்து, என்னை முந்திக்கொண்டு வலதுபக்கம் திரும்பப் பார்த்தார் டிரைவர். நடுவில் நான் இருப்பது அவருக்கு இடைஞ்சல். இடதுபக்க முன்சக்கரத்தின் மேலேயே ஒரு இடி. பம்பர் கழன்று தொங்கியது, விளக்கு உடைந்தது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

டிரைவர் இறங்கி வந்தார். கோபம் அவருக்கு.

"இன்னாம்மா, பாத்து வரக்கூடாதா? நான்தான் வந்துகினு கீறேன்ல?"

அவர் வந்துகொண்டிருந்ததுதானே என் புகாரே. அதைச் சொல்வதற்குள் பின்னால் ஹாரன் மழை. போட்டோ எடுத்துக்கொண்டு, இன்ஷூரன்ஸுக்குப் போன் செய்து, வண்டலூர் தாண்டி ஜி.எஸ்.டி. ரோட்டில் இருக்கும் கம்பெனி சர்வீஸ் சென்டரில் வண்டியை விட்டேன். முன்பக்கம் கண்ணாடி போட்ட ஷோரூம், பின்பக்கம் ஒர்க்‌ஷாப். ஒரே காம்பவுண்டு.

வண்டி திரும்பி வந்தபோது பளபளவென்று இருந்தது. புது பம்பர், புது விளக்கு, புது பெயின்ட். சர்வீஸ் அட்வைசர் தினேஷ் என்கிற இளைஞர், சிரித்த முகமாகச் சாவியை எங்கள் வீட்டுக்காரரிடம் நீட்டினார். அவர் அதை வாங்கி என்னிடம் கொடுத்தார். இது எங்களுக்குப் பழகிப்போன சடங்கு.

மறுநாள் காலை, வண்டலூரைத் தாண்டி வேகம் எடுத்ததும் ஏதோ சரியில்லை என்று தோன்றியது. வண்டி இடதுபக்கம் ஒதுங்கியது. ஸ்டியரிங்கை லேசாக வலப்பக்கம் பிடித்துக்கொண்டே இருந்தால் நேராகப் போகிறது. கொஞ்சம் அசந்தால் பக்கத்து லேனில் போகிற பஸ்ஸைக் கொஞ்சப் போகிறது.

திருப்பிக் கொண்டுபோனேன். அலைன்மென்ட் செய்தார்கள். இழுத்தது. மறுபடி போனேன். டயரை மாற்றி மாட்டினார்கள். இழுத்தது. மூன்றாவது தடவை தினேஷே என்னோடு வந்து ஒரு ரவுண்டு ஓட்டினார். ரெண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு.

"வண்டி பக்காவா இருக்கு மேடம்."

"கையைக் கொஞ்சம் தளர்த்துங்க."

"கையைத் தளர்த்தினா எந்த வண்டியும் நேராப் போகாது மேடம். அதோட, ரோடே இடதுபக்கம் சரிவாத்தான் போடுவாங்க, மழைத்தண்ணி வடியணும் இல்ல?"

இறங்கியதும் என்னை விட்டுவிட்டு, அங்கே காத்திருந்த எங்கள் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். ஆனாலும் எனக்குக் கேட்டது.

"சார், மேடம் கொஞ்சம் பயந்துட்டாங்க. ஆக்சிடென்ட்டுக்கு அப்புறம் எல்லாருக்கும் வர்றதுதான். எங்க அத்தைக்கும் இப்படித்தான், அப்புறம் வண்டியே தொடலை."

எங்கள் வீட்டுக்காரர் தலையாட்டினார். ஆமாம், ஆட்டினார்.

வீட்டுக்குக் கிளம்பினோம். குரோம்பேட்டை வந்ததும் அவரே ஆரம்பித்தார்.

"கொஞ்ச நாள் காலேஜ் பஸ்லதான் போயேன் சித்ரா. அப்புறம் பார்த்துக்கலாம்."

"உங்களுக்கும் எனக்குத்தான் கோளாறுன்னு தோணுதா?"

"அப்படிச் சொல்லலை... நீ தூக்கத்துல கூட பல்லைக் கடிக்கிற. அதான் சொன்னேன்."

அன்பாகத்தான் சொன்னார். அதுதான் என்னை உலுக்கிவிட்டது. சண்டைக்கு வருகிறவரிடம் சண்டை போடலாம், அக்கறையோடு சொல்கிறவரை என்ன செய்வது?

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். புதுச் செருப்பு கடித்தால் கடைக்காரர் என்ன சொல்கிறார்? உங்க கால் அகலம் மேடம். மிக்ஸி புகைந்தால்? நீங்க ஓவர்லோடு பண்ணியிருப்பீங்க. இன்டர்நெட் வரவில்லை என்றால்? உங்க வீட்டுச் சுவர் கனம் ஜாஸ்தி. பொருளில் கோளாறு என்று ஒப்புக்கொண்டால் அவர்களுக்குச் செலவு. ஆளில் கோளாறு என்றால் அறிவுரையோடு முடிந்தது. அதுவும் அந்த ஆள் ஐம்பதைத் தாண்டிய பெண்ணாக இருந்துவிட்டால், அறிவுரைக்குப் பஞ்சமே இல்லை.

கஷ்டம் என்னவென்றால், நாலு பேர் சொன்னால் நமக்கே சந்தேகம் வந்துவிடுகிறது. எனக்கு வந்தது. ராத்திரி படுத்தால் வேன் வந்து இடிக்கிற சத்தம். ஒருவேளை நிஜமாகவே பயந்துவிட்டேனோ? இத்தனை வருஷம் ஓட்டிய கை இனிமேல் ஓட்டாதோ? கார் ஓட்டுவது எனக்கு வெறும் போக்குவரத்து இல்லை. வீட்டையும் வேலையையும் கொஞ்ச நேரம் இறக்கிவைத்துவிட்டு நான் நானாக இருக்கிற இடம் அது.

சரி என்று ஒரு நாள் காலேஜ் பஸ்ஸில் போனேன். ஜன்னலோர சீட். மடியில் கைப்பை. பெருங்களத்தூர் தாண்டும்போது பார்க்கிறேன்... என் ரெண்டு கையும் கைப்பையின் காதைப் பிடித்து மெதுவாக வலப்பக்கம் திருகிக்கொண்டிருக்கின்றன. வண்டி இடப்பக்கம் இழுக்கும் என்று பழகிப்போய், பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு வலப்பக்கம் திருகுகின்றன.

பயந்தவளின் கை நடுங்கும். திருகுமா?

அன்றைக்கே முடிவு செய்தேன். இதைத் தீர்க்காமல் விடுவதில்லை. எங்கே போய்த் தீர்ப்பது என்பதுதான் கேள்வி. வெளியே ஒரு மெக்கானிக்கிடம் காட்டினால், வெளியாள் கைவைத்ததால்தான் கெட்டது என்பார்கள். ஒர்க்‌ஷாப்பில் கேட்டால் பயம் என்பார்கள். யோசித்து யோசித்து, காம்பவுண்டின் முன்பக்கம் ஞாபகத்துக்கு வந்தது. அங்கே யாரும் எனக்குப் பயம் என்று சொல்ல மாட்டார்கள். சொன்னால் வியாபாரம் ஆகாதே?

அப்படித்தான் அந்தச் சனிக்கிழமை ஷோரூம் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தேன். ஏசி, காபி, உட்காருங்க மேடம்... பின்பக்கம் இதே ஆளுக்குப் பிளாஸ்டிக் நாற்காலி. திவ்யா என்கிற பெண் வந்து அன்பாக விசாரித்தாள். என்னிடம் இருக்கும் அதே மாடல், புது வண்டி, டெஸ்ட் டிரைவ் வேண்டும் என்றேன். எந்த ரோட்டில் என்பதையும் நானே சொன்னேன். தினேஷ் சரிவு என்று சொன்ன அதே ரோடு, அதே லேன்.

திவ்யா பக்கத்தில். எங்கள் வீட்டுக்காரர் பின்னால். விஷயத்தை ஏற்கெனவே சொல்லித்தான் கூட்டிவந்திருந்தேன். ஆனாலும் மனிதர் சன்ரூஃப் உண்டா, இந்த நீலம் இல்லாமல் வேறு நீலம் வருமா என்று கேட்டுக்கொண்டே வந்தார். கண்ணாடியில் முறைத்துப் பார்த்தும் பலனில்லை.

ரோடு காலியான இடமாகப் பார்த்து வேகம் எடுத்தேன். ஸ்டியரிங்கை விடவில்லை, பிடியை மட்டும் தளர்த்தினேன்.

வண்டி நேராகப் போனது.

திரும்பி வந்து மறுபடி அதே இடத்தில் தளர்த்திப் பார்த்தேன். நேராகவே போனது. கண்ணில் தண்ணீர். திவ்யா பதறிவிட்டாள்.

"மேடம், ஏசி ஜாஸ்தியா இருக்கா?"

"இல்லம்மா. வண்டி ரொம்ப நல்லா இருக்கு."

பின்சீட்டில் சன்ரூஃப் பேச்சு நின்றுவிட்டது. "நேராத்தான் போகுது, இல்ல?" என்றார் அவர், மெல்லிய குரலில். நான் ஷோரூமுக்கு வண்டியைத் திருப்பினேன்.

ஆனால் இது எனக்குப் போதும், ஒர்க்‌ஷாப்புக்குப் போதாது. அதனால் திரும்பி வந்ததும் அடுத்த காயை நகர்த்தினேன்.

"வெளியே நிக்கிற என் பழைய வண்டியை எக்ஸ்சேஞ்ச் பண்ணினா என்ன விலை வரும்னு பார்த்துச் சொல்றீங்களா?"

பழைய வண்டிக்கு விலை போடுவதற்கென்றே அங்கே ஒருவர் இருக்கிறார். அன்வர் என்று பெயர். அவர் வேலையே குற்றம் கண்டுபிடிப்பதுதான். எத்தனை குற்றம் சொல்கிறாரோ அவ்வளவு விலை குறையும். பானெட்டைத் திறந்தார், குனிந்தார், கதவைத் தட்டினார், என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டினார். அரை கிலோமீட்டர்கூடப் போயிருக்க மாட்டார்.

"இன்னா மேடம், அடிபட்ட வண்டியா? லெஃப்ட்டுல இழுக்குது பாருங்க. கீழே லோயர் ஆர்ம் வளைஞ்சிருக்கும். மேல பெயின்ட் மட்டும் அடிச்சு வுட்டுருக்கானுங்க. எந்த ஒர்க்‌ஷாப்புல செஞ்சீங்க?"

எந்த ஒர்க்‌ஷாப் என்று நான் சொல்லவில்லை.

"இதையே இன்னொரு தடவை சொல்வீங்களா? கொஞ்சம் பின்பக்கம் வந்து?"

விலை குறைப்பதற்குச் சாட்சி கேட்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, உற்சாகமாக வந்தார். பின்பக்கம் தினேஷ் என்னைப் பார்த்ததும், மறுபடியுமா என்கிற முகத்தோடு எழுந்தார். அன்வர் சொன்னதையே சொன்னார். இழுக்கிறது, வளைந்திருக்கிறது, பெயின்ட் அடித்து ஒப்பேற்றியிருக்கிறார்கள். சத்தமாகவே சொன்னார். காத்திருந்த நாலைந்து பேர் போனிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார்கள்.

மேனேஜர் வந்தார். அன்வரைத் தனியாக இழுத்துப் பார்த்தார்.

"அன்வர், நீ நம்ம ஆளா, இல்லையா?"

"வண்டி இழுக்குது சார். நான் இன்னா பண்றது?"

நான் எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று தடவை வந்தது, பயம் என்று சொன்னது, டெஸ்ட் டிரைவ் போனது. குரலை உயர்த்தவில்லை. இத்தனை வருஷ நூலக வேலையில், சத்தம் போடாமல் மிரட்டுவது எப்படி என்று தெரியும்.

"வண்டியை வச்சுட்டுப் போங்க மேடம். பார்த்துட்டுப் போன் பண்றோம்."

"போக மாட்டேன் சார். இப்பவே லிஃப்ட்ல ஏத்துங்க. நான் பக்கத்துல நின்னு பார்க்கணும்."

"கஸ்டமர் உள்ளே வரக்கூடாது மேடம். சேஃப்டி."

"எனக்கும் அதேதான் சார் வேணும்."

அவர் எங்கள் வீட்டுக்காரரைப் பார்த்தார். சார், நீங்களாவது சொல்லுங்க என்கிற பார்வை. இந்தத் தடவை தலை ஆடவில்லை.

"அவங்க சொல்றபடி ஏத்துங்க சார்," என்றார் எங்கள் வீட்டுக்காரர். "வண்டி ஓட்டறது அவங்கதான். எனக்கு ஓட்டத் தெரியாது."

அதைப் பெருமையாக வேறு சொன்னார்.

ஏற்றினார்கள். டார்ச் அடித்துக் காட்டச் சொன்னேன். வலதுபக்கச் சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரும்புக் கை, அதான் அந்த லோயர் ஆர்ம், எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இருந்தது. இடதுபக்கம் உள்ளது உள்நோக்கி வளைந்திருந்தது. அதன்மேல் அழகாகக் கறுப்புப் பெயின்ட். எனக்கே தெரிந்தது, அங்கே தினமும் வேலை செய்கிறவர்களுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? சக்கரத்தோடு இருக்கிற சமாசாரம், வேகத்தில் போகும்போது விட்டுக்கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தபோது, அந்த ஒர்க்‌ஷாப் வெயிலிலும் எனக்குக் குளிர்ந்தது.

தினேஷ் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. இன்னும் இருக்கிறது. உங்கள் அத்தையை ஒருநாள் காரில் உட்காரவைத்துப் பாருங்கள், அவர் தொடாமல் விட்ட அந்த வண்டியையும் ஒருதடவை லிஃப்ட்டில் ஏற்றிப் பாருங்கள் என்று மட்டும் சொன்னேன்.

புது ஆர்ம் வரவழைத்து மாற்றினார்கள். மாற்றிய பிறகு நான் ஓட்டிப் பார்த்துச் சரி என்று சொன்னால்தான் வண்டியை எடுப்பேன் என்றேன். ஓட்டிப் பார்த்தேன், சரி என்று சொன்னேன். திவ்யாவிடம் போய் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். அவள் சிரித்துவிட்டு, வாங்கும்போது என்கிட்டயே வாங்குங்க மேடம் என்றாள். எங்கள் வீட்டுக்காரர் அந்த இன்னொரு நீலத்தை அவளிடம் மறுபடி விசாரித்தார்.

போன வாரம் கம்பெனியிலிருந்து போன். எங்கிருந்தோ ஒரு பெண், எழுதிவைத்ததைப் படிக்கிற குரலில் கேட்டாள்.

"சர்வீஸ் முடிஞ்சப்புறம் வண்டியில ஏதாவது குறை இருக்கா மேடம்?"

"வண்டியில இல்லம்மா," என்றேன். "எங்கிட்டயும் இல்ல. அதையும் சேர்த்து எழுதிக்குங்க."