கறைக்காரரின் மேலச்சு நோட்டுகள்

சட்டை எதுவானாலும், இயந்திரத்துக்குள் போவதற்கு முன் கறைக்காரர் அதன் பைக்குள் இரண்டு விரலை விடுவார். ஆள்காட்டி விரலும் நடுவிரலும், இடுக்கி மாதிரி. அடித்தையல் வரை போய், மூலையில் சேர்ந்த பஞ்சைக்கூடக் கிள்ளி எடுத்து, பையை நாக்கு நீட்டுவதுபோல வெளியே இழுத்துவிட்டு, ஒரு தடவை மோந்து பார்ப்பார். பிறகுதான் அடுத்த பை. மாத்திரையோ, பொத்தானோ, காசோ, கிடைத்ததை உறையில் போட்டு, அறை எண் எழுதி மேலே அனுப்பிவிடுவார்.

பெரிய விடுதி ஒன்றின் கீழ்த்தளத்து லாண்டரியில் கறை எடுப்பது அவர் வேலை. பெயரும் அப்படியே ஒட்டிக்கொண்டது.

முன்பொரு தடவை, உறை திரும்பக் கிடைத்த மகிழ்ச்சியில் ஒரு விருந்தினர் அதிலிருந்த நோட்டு ஒன்றை அவருக்கே கொடுத்தனுப்பினார். எங்கும் செல்லாத நோட்டு. அதிலிருந்த நாட்டின் பெயரைக் கறுப்புப் பட்டையால் அடித்து, பக்கத்தில் வேறொரு பெயரை அச்சடித்திருந்தார்கள். ஆட்சி மாறியிருக்கிறது, புது நோட்டு அடிக்க நேரமில்லை, பழைய நோட்டின் தலையிலேயே புது அரசு தன் பெயரைக் குத்திவிட்டது. நாள் முழுக்க மேலே விழுந்ததை நீக்குகிறவர் கையில், மேலே விழுந்ததாலேயே உயிர் பிழைத்த ஒரு காகிதம். அவர் அன்றைக்கு மதியச் சாப்பாட்டை மறந்தார்.

அதற்குப் பிறகு முகம் தெரியாதவர்களுக்குக் கடிதம் போட்டு, மாற்றிக்கொண்டு, பதினெட்டு வருடத்தில், இப்படி மேலே மறு அச்சு ஏறிய நாற்பத்தாறு மேலச்சு நோட்டுகள் சேர்த்தார். பத்தை ஆயிரமாக்கிய நோட்டு. ராஜாவின் முகத்தைப் பூவேலையால் மூடிய நோட்டு.

"ஊர்ல எல்லாரும் செல்லுற நோட்டச் சேர்ப்பாங்க. எனக்கு வாய்ச்சது செல்லாத நோட்டாப் பாத்துப் பாத்துச் சேர்க்குது" என்பார் அவர் மனைவி. சொல்லிக்கொண்டே ஆல்பத்துக்குள் பூச்சி மருந்து வைப்பதும் அவர்தான்.

ஒரு காலையில், முன்னூற்றுப் பன்னிரண்டாம் அறைக் கோட்டின் பையில் பேனா ஒழுகியிருந்தது. ஊதா மை. அதே பையில் நான்காக மடித்த நோட்டு ஒன்று, அதன் மேலும் ஊதாத் திட்டு. அழுக்காகத் திருப்பிக் கொடுக்க அவருக்கு மனம் வரவில்லை. பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டு, ஓரத்திலிருந்து நடுவுக்கு ஒற்றி ஒற்றி எடுத்தார். சுத்தமாகப் போய்விட்டது. பெருமையாக விளக்குக்கு நேரே பிடித்தார். காகிதத்தில் ஒரு வட்டத்தின் தடம் தெரிந்தது. உள்ளே நான்கு எழுத்துகளின் நிழல்.

ரப்பர் முத்திரை. மைக்கு அடியில் இருந்தது மேலச்சு. மையோடு சேர்த்து அதையும் துடைத்துவிட்டார்.

"என்னய்யா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?" என்றபடி வந்தார் சூப்பர்வைசர் அம்மா. விறைப்பான நடைக்காக எல்லோரும் அவரைக் கஞ்சி மேடம் என்பார்கள், அவர் காதில் விழாதபடி.

கறைக்காரர் நடந்ததைச் சொன்னார்.

"அந்த ரூம் அம்மாவுக்குத் தெரியவா போகுது? பேனா ஒழுகிக் கெட்டுச்சுன்னு நெனச்சுக்குவாங்க. பேசாம உறையில போடுங்க."

"எனக்குத் தெரியுமே மேடம்."

"தெரிஞ்சா உங்களோட இருக்கட்டும். ஏற்கெனவே ரெண்டு தடவ பேர் ஏறியிருக்கு. மறந்துட்டீங்களா?"

மறக்கவில்லை. விருந்தினர் பொருள் கெட்டால், கெடுத்தவர் பெயர் சேதப் பதிவேட்டில் ஏறும். விருந்தினரே மன்னித்தாலும் ஏறும். ஒரு பட்டுச் சட்டைக்கும் ஒரு வெள்ளைக் கோட்டுக்கும் அவர் பெயர் இருந்தது. மூன்றாவது ஏறினால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். மகள் கல்லூரி முடிக்க இன்னும் ஒரு வருடம் இருந்தது.

வீடு இரண்டு தெரு தள்ளி. ஓடிப்போய் ஆல்பத்தை எடுத்தார். "எங்க தீப்பிடிச்சிருக்கு?" என்று மனைவி கேட்கக் கேட்கத் திரும்பி ஓடினார்.

முன்னூற்றுப் பன்னிரண்டில் இருந்தவர் ஓய்வுபெற்ற நர்ஸ். பெட்டி கட்டி, வண்டிக்குக் காத்திருந்தார். கறைக்காரர் நோட்டை நீட்டி, நடந்ததை மூச்சுவிடாமல் சொல்லி முடித்தார். "இதுல எது வேணுமோ எடுத்துக்கங்கம்மா. எல்லாத்தையும் வேணாலும்."

நர்ஸ் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "என் மொத சம்பளத்துல மிஞ்சினது. முத்திரை இல்லன்னா அப்ப கடையில ஒரு சோப்புகூடத் தர மாட்டான்."

பிறகு கட்டிலில் உட்கார்ந்து ஆல்பத்தை மடியில் வைத்து, ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். வண்டி இரண்டு முறை ஹாரன் அடித்தது.

"இத்தனை நாடா கலைஞ்சு கலைஞ்சு கூடியிருக்கு?"

"எனக்குக் கெடச்சது இவ்வளவுதாம்மா."

நர்ஸ் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. தன் நோட்டை ஆல்பத்தின் கடைசி உறைக்குள் செருகினார். "எங்கிட்ட இருந்தா மடிச்சு மடிச்சே கிழிச்சிருவேன். இங்க இருக்கட்டும். முத்திரை எப்பிடிப் போச்சுன்னு ஒரு சீட்டுல எழுதி வச்சிருங்க. பொய் எழுதாதீங்க."

அன்று முழுக்க அலுவலகத்திலிருந்து கூப்பிடுவார்கள் என்று கறைக்காரர் காத்திருந்தார். மறுநாளும் கூப்பிடவில்லை. அந்த மாதம் முடிந்தும் வேலை இருந்தது. போகும்போது நர்ஸம்மாதான் மேலாளரிடம் பேசியிருக்கிறார் என்று முடிவு கட்டினார். மகள் படிப்பு முடித்ததும், வேலைக்குப் போனதும் அந்தக் கணக்கிலேயே சேர்ந்தன. வருடம் தவறாமல் நர்ஸுக்கு நன்றிக் கடிதம் எழுதினார். பதிலில் மூட்டுவலியும் மழையும் இருக்கும். நன்றியைப் பற்றி ஒரு வரி இருக்காது. பெரிய மனுஷி, சொல்லிக்காட்ட மாட்டாங்க என்று மனைவியிடம் நெகிழ்வார்.

ஒன்பது வருடம் கழித்து, கஞ்சி மேடம் ஓய்வுபெற்றுப் போன பிறகு, லாண்டரியை வேறு கட்டடத்துக்கு மாற்றினார்கள். பழைய பதிவேடுகளைக் கட்டுவதற்குக் கறைக்காரரும் போனார். கை தானாக அந்தத் தேதிக்குப் புரட்டியது. அன்றைக்கு ஒரு பதிவு இருந்தது. நோட்டைத் தவறுதலாகத் துடைத்தவர் என்ற இடத்தில், சாயாத எழுத்தில், கஞ்சி மேடம் தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

அலுவலக கிளார்க் எட்டிப் பார்த்தார். "அட, இந்த வரியாலதானேண்ணே அவங்களுக்கு வரவேண்டிய மேனேஜர் போஸ்ட் போச்சு. உங்களுக்குத் தெரியாதா?"