என் புல்வெளியில் முளைத்த பனை

இருபது வருடங்களுக்கு மேலாக நான் புல் வரைகிறேன். வேறொன்றும் இல்லை, புல் மட்டும். இந்தச் சிசிலித் தீவின் நடுப்பகுதியில் கோதுமை அறுத்த பிறகு கிடக்கும் தாள்வெளி, ஆடு மேய்ந்து மொட்டையாகிப்போன மேட்டு நிலம், மழை பெய்தபின் இரண்டு கிழமை மட்டும் பச்சையாக நிற்கும் சரிவு. என் படங்களில் மரம் கிடையாது, வீடு கிடையாது, ஆள் கிடையாது. இதைச் சொன்னவுடன் கேட்பவர் முகத்தில் ஒரு இரக்கம் வரும். அந்த இரக்கத்தைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பலேர்மோவில் ஓர் ஐந்து மாடிக் குடியிருப்புக்கு நான் வாசல் காவலன். கடிதங்களை வாங்கி வைப்பேன், படிகளைக் கழுவுவேன், முற்றம் கூட்டுவேன், மூன்றாம் மாடிச் சிஞ்ஞோராவின், அதாவது அந்த வீட்டு அம்மாவின், சாமான் பைகளைத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுப்பேன். வாசலோடு ஒட்டினாற்போல் கண்ணாடி போட்ட ஒரு சின்ன அறை எனக்கு. படம் வரைவது அதன் தரையில்தான். சுவரில் சாய்த்து வைத்தால் கதவு திறக்காது.

இந்த வேலைக்கு வருமுன் இரண்டு வருடம் நடுப்பகுதியில் ஒரு கிழவரைப் பராமரித்தேன். அவருடைய யன்னலுக்கு வெளியே வெட்டவெளியைத் தவிர எதுவும் இல்லை. அவர் தூங்கும் நேரமெல்லாம் அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். முதல் மாதம் எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. இரண்டாம் மாதம் அங்கே எத்தனை நிறம் இருக்கிறது என்று பார்க்கத் தொடங்கினேன். அவர் இறந்து நான் பலேர்மோவுக்கு வந்த பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி அந்தப் பக்கம் போய் வருவதை நான் விடவில்லை.

என் வேலை முறை இதுதான். சிஞ்ஞோராமார் கழித்துவிடும் படுக்கை விரிப்பைச் சட்டத்தில் இழுத்து ஆணி அடித்து வெள்ளை பூசுவேன். அதன்மேல் செங்கல் நிறம், கடுகு நிறம், சாம்பல், கடைசியாக வைக்கோல் நிறம் என்று ஒன்றின்மேல் ஒன்றாகப் பூசுவேன். முழுதும் காய்ந்து இறுகுமுன், முற்றம் கூட்டும் விளக்குமாற்றிலிருந்து உருவிய ஏழு ஈர்க்குகளைச் சேர்த்துக் கட்டி, அதனால் கீறுவேன். மெல்லக் கீறினால் சாம்பல் புல் எழும்பும், அழுத்தினால் கடுகு, இன்னும் அழுத்தினால் செங்கல். தூரிகையால் நான் ஒரு புல்லும் வரைந்தது கிடையாது. கை பிசகினால் திருத்தவும் முடியாது, முழுவதையும் கழற்றி எறிந்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

என் முதல் கண்காட்சி நான் கழுவும் படிக்கட்டிலேயே நடந்தது. ஒரு மாடிக்கு ஒரு படம் என்று மாட்டினேன். குடியிருப்போர் கூட்டத்தில் ஒருவர், படிக்கட்டுச் சுவரில் ஊத்தை படிந்த மாதிரி இருக்கிறது என்று முறையிட, கழற்றச் சொன்னார்கள். பிறகு கபோ சந்தையில் படச்சட்டம் போடும் ஒருவர் தன் கடையில் ஒன்றை மாட்டினார். ஒரு மாதம் போனதும் அதற்கு முன்னால் ஒரு பெரிய மாதா படத்தைச் சாய்த்து வைத்துவிட்டார். மாதாவோடு நான் போட்டிக்குப் போக முடியுமா? பேசாமல் வந்துவிட்டேன்.

ஆனால் கலைக்கூடம் நடத்திய ஒரு சிஞ்ஞோராவிடம் என்னால் பேசாமல் வர முடியவில்லை. புலம்பெயர்ந்தோர் ஓவியம் என்று ஒரு கண்காட்சி வைக்கிறோம், வாருங்கள் என்று அவராகத்தான் கூப்பிட்டார். படங்களைக் கால்வாசி நிமிடம் பார்த்தார். பிறகு குவெஸ்தூராவில், வதிவிட அனுமதி கொடுக்கும் அந்த அலுவலகத்தில், பொலிஸ்காரர் கேட்பதையெல்லாம் கேட்டார். எப்போது வந்தீர்கள், எப்படி வந்தீர்கள், கடலில் எத்தனை நாள். நான் விமானத்தில் வந்தவன் என்றேன். ஏமாந்துபோனார். கடலோ படகோ இருக்கிற படம் ஒன்றும் இல்லையா, துறைமுகத்தையாவது வரையக் கூடாதா என்றார். துறைமுகம் வேண்டுமானால் யன்னலைத் திறந்து பாருங்கள், எதிரிலேயே இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் படங்களைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினேன்.

இதற்கிடையில் எங்கள் ஆட்கள் என்னை வேறொரு வேலைக்குப் பிடித்திருந்தார்கள். வருடத்துக்கு ஒருமுறை தேவாலய மண்டபத்தில் எங்கள் தமிழ்ச் சனத்தின் ஓவியக் கண்காட்சி நடக்கும். வீட்டு வேலைக்கும் சமையலுக்கும் கிழவர்களைப் பராமரிக்கவும் போகிறவர்கள் ஓய்வில் வரைந்ததையெல்லாம் கொண்டு வருவார்கள். கோயில்காரர், சர்ச்காரர் என்ற பேதம் அதில் இல்லை. எது வைப்பது, எங்கே மாட்டுவது என்று தீர்மானிப்பது என் பொறுப்பு. பத்து வருடமாகச் செய்கிறேன், அதில் எனக்குப் பெருமையும் இருந்தது. எல்லாருக்கும் நான் சொல்லும் விதி ஒன்றுதான்: படத்தில் ஊர் தெரிய வேண்டும். பார்க்க வரும் சனம் அதைத்தான் தேடும் என்பது என் கணக்கு. என் படத்துக்கு மட்டும் அந்த விதி கிடையாது. நான் ஓவியன், மற்றவர்கள் பொழுதுபோக்குக்கு வரைகிறவர்கள் என்று எனக்குள் ஒரு நினைப்பு.

நாலு வருடத்துக்கு முன் மன்னார்ப் பக்கத்துத் தங்கச்சி ஒருத்தி ஒரு படம் கொண்டு வந்தாள். அவள் ஒரு வயதான சிஞ்ஞோராவைப் பராமரிக்கிறவள். நீல நிற பிளாஸ்டிக் பேசினில் தண்ணீர், அதற்குள் அந்தக் கிழவியின் இரண்டு கால்கள். அவ்வளவுதான் படம். நரம்பு ஓடிய, நகம் தடித்த கால்கள். "நல்லாத்தான் கீறியிருக்கிறீர், ஆனா இதிலை எங்கடை ஊர் எங்கை கிடக்கு? ஒரு பனையோ கோயிலோ வைச்சுக் கொண்டு வாரும், மாட்டுவம்" என்றேன். "ஓம் அண்ணை" என்று துணியால் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு அவள் எதுவும் கொண்டு வரவில்லை. நானும் கேட்கவில்லை.

போன வருடம்தான் எனக்கு நல்ல காலம் பிறந்தது என்று நினைத்தேன். துறைமுகத்துக்கு அருகில் நிலக்காட்சிகளை மட்டும் வைக்கும் ஒரு சிறிய கலைக்கூடம் இருக்கிறது. அதை நடத்துகிறவர் ஒரு வயதான மனிதர். எங்கள் குடியிருப்புக்கு யாரையோ பார்க்க வந்தவர், கண்ணாடி வழியே என் அறைத் தரையில் கிடந்த படத்தைக் கண்டு நின்றுவிட்டார். அது ஆறடி அகலம், எத்தனையோ தடவை கழற்றி எறிந்து தொடங்கிய மூன்று வருட வேலை. ஓகஸ்ட் மாத வெளி, கோதுமைத் தாள் எரித்த மணம் வருகிற மாதிரி. அவர் நான் எங்கிருந்து வந்தேன் என்று கேட்கவில்லை. உள்ளே வந்து முழங்காலிட்டுப் பார்த்துவிட்டு, "அடியில் சிவப்பு இருக்கிறதா?" என்று கேட்டார். இருபது வருடத்தில் ஒருவரும் அதைக் கேட்டதில்லை.

அவருடைய கண்காட்சியில் அந்தப் படம் இந்நாட்டு ஓவியர்களின் வெளிகளோடு சேர்ந்து, நிலக்காட்சி என்ற பெயரில் மட்டும் தொங்கும் என்று சொன்னார். திங்கட்கிழமை கொண்டு வாருங்கள் என்றார். அதற்கு முந்திய சனியும் ஞாயிறும் எங்கள் மண்டபக் கண்காட்சி. எங்கள் சனமும் ஒருமுறை பார்க்கட்டும் என்று ஆசைப்பட்டு, வெள்ளிக்கிழமையே கொண்டுபோய் நடுச் சுவரில் மாட்டினேன். அந்த ஆசை எனக்கு வந்திருக்கவே கூடாது.

சனிக்கிழமை காலை நான் படி கழுவி முடித்து மண்டபத்துக்குப் போனபோது வாசலிலேயே எல்லாரும் சிரித்த முகத்தோடு நின்றார்கள். கண்ணை மூடிக்கொண்டு வாங்கோ என்றார்கள். போனேன். கண்ணைத் திறந்தால் என் வெளியின் இடப்பக்கத்தில் ஒரு பனை நிற்கிறது. கறுப்பு எனாமல் பெயின்றில், ஓலை, குலை எல்லாம் வைத்து, அடியில் ஒரு வண்டில் மாடும் கட்டி!

வரைந்தவர் எங்கள் விழாக்களுக்கு மேடைத்திரை கீறுகிறவர். துறைமுகத்தில் சாமான் இறக்கும் வேலை செய்கிற நல்ல மனிதர். இரவு வேலை முடிந்து குளித்து வெள்ளை சேர்ட் போட்டுக்கொண்டு என் பாராட்டுக்காகக் காத்து நின்றார்.

"உமக்கு என்ன விசரோ?" என்று கத்தினேன். "ஆரைக் கேட்டு என்ரை படத்திலை கை வைச்சனீர்?"

அவருக்கு முகம் கறுத்துவிட்டது. "வெறுமையாக் கிடந்துது அண்ணை. வெள்ளைக்காரர் பாக்கப்போற படம் எண்டினம். நாங்கள் ஆரெண்டு தெரிய வேண்டாமோ?"

"அது கோதுமை வெளி! அங்கை எங்கையிருந்து பனை வந்தது?"

"நீங்கள்தானே அண்ணை பத்து வருஷமாச் சொல்லுறனீங்கள், ஊர் தெரிய வேணும், பனையாவது வையுங்கோ எண்டு."

அதைக் கேட்டதும் எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது. படத்தைக் கழற்றித் தலையில் வைத்துக்கொண்டு, பின்னால் கூப்பிட்ட ஒருவரையும் திரும்பிப் பாராமல் நடந்தேன்.

திங்கட்கிழமை அந்தப் படத்தோடேயே கலைக்கூடத்துக்குப் போனேன். நடந்ததைச் சொல்லி, இன்னும் சில மாதம் தவணை கேட்கத்தான் போனேன். நான் வாய் திறக்குமுன் அவர் பனையைக் கண்டுவிட்டார். கைகள் இரண்டையும் சேர்த்துத் தட்டினார்.

"அற்புதம்," என்றார். "இப்போதுதான் இது உங்கள் படம் ஆகியிருக்கிறது. போன தடவை இதில் ஏதோ குறைகிறது என்று எனக்குப் பட்டது, சொல்லத் தயங்கினேன்."

சிவப்பைக் கண்ட அதே மனிதர்! நான் முழங்காலில் கிடந்து மூன்று வருடம் கீறிய புல் என் படம் இல்லையாம், எவரோ ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரத்தில் எனாமலால் அடித்த பனை என் படமாம்.

"இதை ஒரு சிசிலிக்காரர் வரைந்திருந்தால் குறை தெரிந்திருக்குமா?" என்று கேட்டேன்.

"கோபப்படாதீர்கள், நான் பாராட்டுகிறேன்," என்றார்.

"எனக்கு வேண்டாம், நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். பாராட்டைச் சொல்கிறேன், படத்தை இல்லை."

படத்தோடு திரும்பினேன். என் அறைத் தரையில் அதைக் கிடத்தி, படிக்கட்டில் ஒட்டிய சூயிங்கத்தைச் சுரண்டும் தகட்டினால் எனாமலைச் சுரண்டினேன். அது தனியாக வரவில்லை. அடியிலிருந்த வைக்கோலையும் சாம்பலையும் கடுகையும் செங்கலையும் கூடவே கழற்றிக்கொண்டு வந்தது. கடைசியில் பனையும் மாடும் போய்விட்டன. பனை நின்ற இடத்தில் பனையின் உருவத்திலேயே படுக்கை விரிப்பு வெளியே தெரிந்தது, அதில் மூன்றாம் மாடிச் சிஞ்ஞோராவின் சின்னச் சின்ன ஊதாப் பூக்கள்.

அதைப் பார்த்துக்கொண்டு ஒரு கிழமை எல்லாரையும் திட்டினேன். மேடைத்திரைக்காரரை, கலைக்கூடக் கிழவரை, படகு கேட்ட சிஞ்ஞோராவை. கடிதம் வாங்க வந்தவர்களிடமும் எரிந்து விழுந்தேன். ஆனால் ஒவ்வொரு தடவையும் திட்டு கொஞ்சத் தூரம் போய், "நீங்கள்தானே சொல்லுறனீங்கள்" என்ற இடத்தில் வந்து நின்றது. அப்போதுதான் அந்த நீல பேசின் நினைவுக்கு வந்தது. நேர்மையாகச் சொன்னால், அது நான் மாட்டிய எந்தப் படத்தையும்விட நல்ல படம். அன்றைக்கே எனக்கு அது தெரியும். தெரிந்துகொண்டுதான் திருப்பி அனுப்பினேன்.

அந்தத் தங்கச்சிக்குப் போன் எடுத்தேன்.

"அந்தக் கால் படத்தை வாற வருஷம் கொண்டு வாரும்," என்றேன். "ஒண்டும் வைக்க வேண்டாம். அப்பிடியே நடுச்சுவரிலை மாட்டுவம். நான் அண்டைக்குப் பிழையாச் சொல்லிப்போட்டன்."

"ஐயோ, அது இப்ப அப்பிடி இல்லை அண்ணை," என்றாள். "நீங்கள் சொன்ன மாதிரி கோயிலும் பனையும் வைச்சிட்டன். இடம் காணேல்லை. காலுக்கு மேலைதான் கீறினது. பிறகு கொண்டு வர வெக்கமாய்க் கிடந்துது, வீட்டிலை கொழுவியிருக்கிறன்."

"அதை விடும். புதுசாக் கீறலாம்தானே?"

"அந்த அம்மா போன மாரிக்குச் செத்துப்போனா அண்ணை. இனி நான் ஆரின்ரை காலைப் பாத்துக் கீறுறது?"

குரலில் கோபம் இல்லை. கோபித்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். பிறகு அவள், என்னைத் தேற்ற வேண்டும் என்று நினைத்தாளோ என்னவோ, உண்மையான அக்கறையோடு கேட்டாள்.

"உங்கடை படத்திலையும் ஒரு பனை வைச்சவையாம் எண்டு கேள்விப்பட்டன். வடிவாயிருக்கோ அண்ணை?"