டெல்மர் இரண்டு முறை கேட்ட செய்தி

விஸ்கான்சினில் எங்கள் ஊர்ப் பனியைத் தள்ளும் லாரிக்காரர் டெல்மர். எவ்வளவு பிராந்தி உள்ளே போனாலும் நடை தள்ளாடாது, நாக்குக் குழறாது, சீட்டாட்டத்திலும் ஜெயிப்பார். அதுதான் வினை. மனுஷன் தெளிவாக இருக்கிறார் என்று ஊரே நம்பிவிடும்.

அவருடைய அறுபதாவது பிறந்தநாள், வெள்ளிக்கிழமை. என் கடையில் மீன் வறுவலுக்குக் கூட்டம். இங்கே ஒருவருக்குச் சரக்கு வாங்கித் தருகிறவர் அவர் முன்னால் ஒரு காலிக் கிளாஸைக் கவிழ்த்து வைப்பார்; கிளாஸுக்கு ஒரு பிராந்தி என்று கணக்கு. டெல்மர் முன்னால் கிளாஸ்களாகவே நின்றன. மீன் வருவதற்குள் அத்தனையையும் தீர்த்துவிட்டார். பிறகுதான் மகள் காரின் வந்து, தான் உண்டாகியிருப்பதைச் சொன்னாள். கட்டிக்கொண்டு அழுதார்.

மறுநாள் காலையில் போனில் பேசியவளிடம், "எந்தக் குழந்தைம்மா?" என்று கேட்டிருக்கிறார்.

நேரே என்னிடம் வந்தாள். "லைல் சித்தப்பாவும் அதே அளவுதான் குடிச்சாரு. அவருக்கு ஒரு வார்த்தை விடாம ஞாபகம் இருக்கு. இவரு மட்டும் மறந்துட்டாராமா? என்மேல அக்கறையில்ல, அவ்வளவுதான். இனிமே இந்தப் பக்கமே வரமாட்டேன்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "அடி போடி! நீ சொன்னதுக்கப்புறம் உங்கப்பா திரும்பத் திரும்ப வந்து 'காரின் வந்தாளா'ன்னு என்கிட்ட கேட்டாரு. நீ பக்கத்து மேஜையிலதான் இருந்தே! சரக்கு மளமளன்னு ஏறுனா மூளை பதியறதை நிறுத்திடும். வாயும் கையும் அதுபாட்டுக்கு ஓடும். லைல் சாப்பிட்டுட்டு மெதுவா குடிச்சான். இவரு வெறும் வயிறு. அதுக்கும் மேல பிறவி உடம்புவாகுன்னு ஒண்ணு இருக்கு. இவங்கம்மாவுக்கும் இப்படித்தான் ஆகும்."

"அப்போ அவரு மறக்கலியா?"

"உள்ள போனாத்தானடி மறக்கறதுக்கு!"

அவள் அழுதுவிட்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை டெல்மர் கவிழ்த்த கிளாஸ்களைத் தள்ளிவிட்டு இஞ்சி சோடா கேட்டார்.

"என்ன அண்ணே, சாமியாராயிட்டியா?" என்றான் லைல்.

"போடா, நீ குடி. உன் மண்டை வேற, என் மண்டை வேற."

காரின் வந்து அவர் எதிரில் உட்கார்ந்தாள். "அப்பா, எனக்குக் குழந்தை பிறக்கப்போகுது."

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு, "இன்னொரு தரம் சொல்லும்மா" என்றார்.

காரினின் முகம் வெளுத்தது. "ஏம்ப்பா, அதுக்குள்ள மறந்துட்டீங்களா?"

"இல்லடி. கேக்க நல்லாருக்கு."