மூன்றாவது கழுவல்

செய்தி வந்தபோது வெள்ளவத்தையில் பஸ்ஸுக்குக் காத்து நின்றேன். ஷர்மிளா இறந்துவிட்டாள். டெங்கு. ஐந்தே நாள். எனக்கு முதலில் வந்தது துக்கமல்ல, பயம். ஏன் என்பதை அவளை அறிந்த உங்களிடம் சொல்லிவிட வேண்டும்.

ஒரே ஆய்வுகூடத்தில், ஒரே மேசையின் இரு பக்கங்களில் நாங்கள் பட்டத்துக்காக ஆய்வு செய்தோம். குறைகடத்தி நனோத்துணிக்கைகள். கண்ணுக்குத் தெரியாத மணிகள். அளவைப் பொறுத்து நிறம். மேலுறையைப் பொறுத்து ஒளிர்வு. உறையில்லாத துணிக்கையின் மேற்பரப்பில் குறைகள் உண்டு. உள்ளே வாங்கிய சக்தி அவற்றில் சிக்கி வெறும் வெப்பமாகப் போய்விடும். எண்ணெய் போன்ற மூலக்கூறுகளால் மூடினால், கழியூதா, அதாவது புற ஊதா, விளக்கின் கீழ் செம்மஞ்சளாக ஒளிரும். தயாரித்த பின் மிச்ச அழுக்குப் போக மதுசாரம் விட்டுக் கழுவ வேண்டும். அதிகம் கழுவினால் அழுக்கோடு உறையும் போய்விடும்.

முதல் மாதமே ஒரு குப்பியைக் கண்ணாடிபோல் தெளியும்வரை கழுவினேன். விளக்கைப் பிடித்தால் இருட்டு. ஷர்மிளா அதை வாங்கி ஆட்டிப் பார்த்தாள்.

"வடிவா இருக்கு ஐசே. செத்த ஆளையும் இப்பிடித்தான் குளிப்பாட்டுறது."

பிறகு, சிரிக்காமல்: "என்ன வந்தது எண்டு பிறகு எழுதும். என்ன செய்தனீர் எண்டதை முதல்ல எழுதும்."

போன வருடம் அவள் புதிதாக ஓர் உறை கண்டுபிடித்தாள். ஒரு வருடம் மூடிவைத்தாலும் ஒளிர்வு குறையாது என்பது அவள் வாதம். அவளுடைய ஆய்வு முழுவதும் அதில்தான் நின்றது. அந்த உறையிட்ட குப்பியை ஒரு வருடச் சோதனைக்காக மூடிவைப்பதற்கு முதல் நாள் அவள் அம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போயிருந்தாள். குப்பி சற்றுக் கலங்கலாகத் தெரிந்தது. உதவியென்று நினைத்து இன்னொரு முறை கழுவினேன். ஒளிர்ந்தது. ஆகவே சொல்லவில்லை. மறுநாள் அவள் அளந்து, 'கழுவல்: 2' என்று லேபிளில் எழுதி, அலுமாரிக்குள் வைத்தாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சொல்வதற்கு மாதக்கணக்கில் நேரம் இருந்தது.

அவள் இறந்த முப்பத்தோராம் நாள் சடங்கன்று, கொட்டாஞ்சேனையில் அவர்கள் வீட்டில் அவள் அம்மா என் பக்கத்துக் கதிரையில் வந்து இருந்தார்.

"தம்பி, அந்தப் போத்தல் இன்னும் வெளிச்சம் தருதோ? பிள்ளை போனில எனக்குக் காட்டினவள்."

"ஓம் ஆன்ரி."

நான் பார்த்திருக்கவில்லை.

இந்தக் கிழமை ஒரு வருடம் முடிந்தது. ஆய்வுக் கட்டுரையை அவள் பெயரிலேயே வெளியிடலாம் என்றும், அதற்குக் குப்பியின் ஒளிர்வை அளந்து தரும்படியும் மேற்பார்வையாளர் சொன்னார். விளக்கு மேசையில் கிடந்தது. கை போகவில்லை. ஒளி குறைந்திருந்தால், பிழை அவள் உறையினதா, என் கழுவலினதா என்று யாராலும் சொல்ல முடியாது. குறையாமல் இருந்தால் நான் பேசாமலே இருந்துவிடுவேன். இரண்டாவது பயம் பெரிது.

அவளுடைய ஆய்வுக் குறிப்புக் கொப்பியைத் திறந்தேன். அவள் எழுதிய இரண்டு கழுவல்களுக்குக் கீழே மூன்றாவதை எழுதி, என் பெயரைப் போட்டேன். அதற்குப் பிறகுதான் விளக்கைப் பிடித்தேன்.

ஒளிர்ந்தது. நான் கழுவிய அன்று இருந்ததைவிட மங்கலாக.

நாளை அந்தக் கொப்பியோடு மேற்பார்வையாளரிடம் போக வேண்டும். அதன் பிறகு கொட்டாஞ்சேனைக்கு. பார்க்காமலே 'ஓம்' என்று சொன்னதை அவள் அம்மாவிடம் ஒப்புக்கொள்ள வேண்டும். ஷர்மிளாவிடமிருந்து நான் வைத்திருப்பது அந்த ஒழுங்கு மட்டும்: செய்தது முதலில், வந்தது பிறகு. ஒரு வருடம் பிந்தி அதைப் பின்பற்றியிருக்கிறேன்.